சுமை, மழை, சந்து: சைக்கிளுக்கான கைவேலைகள்

சைக்கிளுக்கு ஒரு துணைப்பொருளைக் கையால் செய்யத் தொடங்கும் முன் மூன்று விஷயங்கள் முடிவாக வேண்டும்: அது எவ்வளவு எடை தாங்க வேண்டும், எவ்வளவு மழையில் நனையும், எவ்வளவு குறுகலான வழியில் போய்வரும். மும்பையில் இந்த மூன்றுமே கடுமையானவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும். கடற்காற்றின் உப்பு ஆண்டு முழுவதும் இரும்பைத் தின்னும். தாராவியின் பல சந்துகளில் எதிரெதிரே இரண்டு சைக்கிள்கள் வந்தால் ஒன்று ஒதுங்கி நின்றுதான் ஆக வேண்டும்.

இந்த நிலைமைகளுக்கு ஏற்ற வடிவங்களை நகரத்தில் உழைக்கும் சைக்கிள்கள் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டன. தாராவியில் அதிகாலையில் அவித்த இட்லியைப் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அடைத்துக் கேரியரில் கட்டி, சட்னியையும் சாம்பாரையும் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, ரப்பர் பந்து ஹாரனை அழுத்தியபடி மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் போகும் தமிழர்களின் சைக்கிள் அதில் முதன்மையானது. மதிய உணவு டப்பாக்களைக் கொண்டுசேர்க்கும் டப்பாவாலாக்களின், 1890 முதல் நடந்துவரும் தொழிலில் ரயில் நிலையத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான ஓட்டம் பெரும்பாலும் சைக்கிளில்தான். பாவ் விற்பவர், இரவில் ஃபிளாஸ்கில் டீ விற்பவர், கத்தி சாணை பிடிப்பவர் ஆகியோரின் சைக்கிள்களும் அப்படியே. இவற்றில் எதுவும் கடையில் அந்த உருவில் கிடைக்காது. ஒவ்வொன்றும் சாதா சைக்கிளில் கையால் செய்த சேர்க்கை. புதிதாகச் செய்ய விரும்புபவர் இந்த சைக்கிள்களை நின்று கவனிப்பது, படங்களைப் பார்த்துச் செய்வதைவிடப் பயன் தரும்.

அடிப்படை சைக்கிள்

கைவேலைக்கு மிகவும் இணங்குவது கறுப்பு நிற சாதா சைக்கிள். 22 அல்லது 24 அங்குல எஃகு ஃபிரேம், 28 x 1½ அங்குல டயர், முன் சக்கரத்தில் 32 ஸ்போக்ஸ், பின் சக்கரத்தில் 40 என்ற பழைய பிரிட்டிஷ் அமைப்பு இதில் இன்றும் தொடர்கிறது. சுமை பின்னால் ஏறும் என்று கருதியே பின் சக்கரத்துக்குக் கூடுதல் கம்பிகள் தரப்பட்டன. மும்பை வொர்லியில் இயங்கிய ஹிந்த் சைக்கிள்ஸ், அம்பத்தூரில் 1949இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ், லூதியானாவில் 1956இல் தொடங்கிய ஹீரோ ஆகிய எல்லாரும் இந்த வகையைச் செய்தார்கள். அளவுகள் பெரும்பாலும் ஒன்றே என்பதால் ஒரு நிறுவனத்தின் கேரியரோ ஸ்டாண்டோ மட்கார்டோ இன்னொன்றின் சைக்கிளில் சிறு வளைப்போடு பொருந்திவிடும்.

ஃபிரேமில் துளை போடக் கூடாது என்பது முதல் விதி. குழாயின் சுவர் மெல்லியது. துளையின் ஓரத்தில் விரிசல் தொடங்கும், உள்ளே தண்ணீர் புகுந்து வெளியே தெரியாமல் துரு பரவும். கிளாம்ப் போட்டு இறுக்குவதே சரியான முறை, கிளாம்புக்கு அடியில் பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டால் பெயின்ட்டும் பிழைக்கும், பிடியும் வழுக்காது. ஆர்க் வெல்டிங் மெல்லிய குழாயை ஓட்டையாக்கிவிடும். ஃபிரேமில் ஒட்டுப்போட்டே ஆக வேண்டுமென்றால் கேஸ் வைத்துப் பித்தளைக் கம்பியால் ஒட்டும் பட்டறையைத் தேட வேண்டும். கியர் சைக்கிளின் அலுமினிய ஃபிரேமில் அந்த வேலையும் கூடாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை வெல்டிங் செய்யும்போது எழும் வெள்ளைப் புகை நச்சு, அதை மூடிய அறையில் செய்யவே கூடாது.

பொருள் எங்கே, எப்படி

தாராவியில் தோல் வேலை நூறாண்டுக்கு மேற்பட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் அங்கே தோல் பதனிடும் கூடங்களை நடத்தினார்கள். பதனிடுதல் பெரும்பாலும் வெளியேறிவிட்டாலும் பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. அவற்றில் மிஞ்சும் கத்ரன் என்கிற வெட்டுத் துண்டுகள் ஹேண்டில் உறைக்கும் கருவிப் பைக்கும் போதும். தாராவியின் தேரா கம்பவுண்டு பக்கம் பங்கார் என்கிற பிளாஸ்டிக் கழிவைப் பிரிக்கும் கூடங்களும் பழைய எண்ணெய் டின்களைக் கழுவிச் சீர்செய்யும் கூடங்களும் உண்டு. நட்டு, போல்ட், வாஷர், கைக்கருவிகளுக்கு நாக்தேவி தெரு. விளக்கு வேலைக்கான டையோடு, எல்.இ.டி. எல்லாம் லேமிங்டன் ரோடில் சில்லறையாகவே கிடைக்கும்.

பிளாஸ்டிக் துண்டு எடுக்கும்போது வகை தெரிய வேண்டும். நீல நிற டிரம்களின் எச்.டி.பி.இ. வளையும், உடையாது, தண்ணீரில் மிதக்கும். பி.வி.சி. மூழ்கும், வெயிலில் நாளடைவில் நொறுங்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சிறு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். எரித்துப் பார்த்து வகை கண்டுபிடிக்கும் பழக்கத்தை வீட்டில் பின்பற்றக் கூடாது, பி.வி.சி. எரிந்தால் வரும் புகை நுரையீரலைச் சுடும். ரசாயனம் இருந்த டிரம்மின் துண்டை மட்கார்டுக்கு வேண்டுமானால் பயன்படுத்தலாம், உணவு வைக்கும் பெட்டிக்கு எக்காரணம் கொண்டும் கூடாது.

சுமைப் பலகை

இட்லி சைக்கிளில் கவனிக்க வேண்டியது பாத்திரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். எடையின் பெரும்பகுதி பின் அச்சுக்கு நேர் மேலே, கேரியரை ஒட்டித் தாழ்வாக இருக்கும். எடை அச்சைத் தாண்டிப் பின்னால் போனால் மேடு ஏறும்போது முன் சக்கரம் தூக்கும். உயரமாகப் போனால் திருப்பத்தில் சைக்கிள் சாய்ந்துகொண்டே போகும். சயான் மேம்பாலம் போன்ற ஏற்றத்தில் இரண்டும் ஆபத்து.

சாதாக் கேரியர் பாத்திரத்துக்கு மிகக் குறுகல். அதன் மேல் 12 மி.மீ. தடிமனுள்ள பலகை ஒன்றைப் பொருத்த வேண்டும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட் மட்டுமே மும்பை மழையைத் தாங்கும், சாதாப் பிளைவுட் முதல் பருவத்திலேயே அடுக்கு பிரிந்துவிடும். நீளம் 18 அங்குலம், அகலம் 12 அங்குலம் பொதுவான வேலைக்குப் போதும். எந்தச் சேர்க்கையும் ஹேண்டில்பாரின் அகலத்தைத் தாண்டக் கூடாது. ஹேண்டில் நுழைந்த சந்தில் பின்பகுதியும் நுழைய வேண்டுமல்லவா?

பலகையை இறுக்க, கேரியர் கம்பிகளுக்கு அடியில் குறுக்காக 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள இரும்புப் பட்டைகள் இரண்டை வைத்து, மேலிருந்து நான்கு 6 மி.மீ. போல்ட்களால் பிடித்தால் கம்பிகள் பலகைக்கும் பட்டைக்கும் நடுவில் நெரிந்து நிற்கும். போல்ட் தலைகள் பலகையில் புதைய வேண்டும். அடியில் அகலமான வாஷரும் நைலாக் நட்டும் போட வேண்டும், சாதா நட்டு குலுக்கலில் கழன்றுவிடும். பிறகு பாத்திரத்தை நடுவில் வைத்து அதன் அடிவட்டத்தைப் பென்சிலால் வரைந்து, வட்டத்தைத் தொடும்படி நான்கு மரக்கட்டைகளை அடித்தால் பாத்திரம் எந்தப் பக்கமும் நகராது. பலகையின் வெட்டு விளிம்புகளுக்கு இரண்டு பூச்சு எனாமல் பெயின்ட் அவசியம், தண்ணீர் புகுவது விளிம்பு வழியாகத்தான்.

கட்டுவதற்கு நைலான் கயிற்றைவிட பழைய டியூப் மேல். 28 அங்குல டியூபை வால்வுப் பகுதியை நீக்கிவிட்டு நீளவாக்கில் 25 மி.மீ. பட்டைகளாக வெட்டினால் இழுபட்டுக்கொண்டே இருக்கும் பிடி கிடைக்கும். பாத்திரத்தின் மூடியையும் அதுவே அழுத்திப் பிடிக்கும். வெயிலில் ரப்பர் வெடிக்கும் என்பதால் பட்டையை இழுத்துப் பார்த்து, மேற்பரப்பில் நுண்ணிய கீறல் தெரிந்தவுடன் மாற்றிவிட வேண்டும். கட்டிய பிறகு மிஞ்சும் நுனி தொங்கக் கூடாது. அது ஸ்போக்ஸில் சிக்கினால் பின் சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுபோகும்.

ஹேண்டில்பாரில் தொங்கவிடும் சுமையை இயன்ற அளவு குறைக்க வேண்டும். டப்பாவாலாக்கள் அங்கே டப்பாக்களை வரிசையாக மாட்டுவது உண்மைதான், ஆனால் அது பல ஆண்டுப் பழக்கத்தால் வந்த தேர்ச்சி. புதியவருக்கு ஒரு தூக்கு இடப்பக்கம், அதே எடையில் இன்னொன்று வலப்பக்கம் என்பதே எல்லை. தூக்கு ஆடி முன் சக்கரத்தில் உரசாமலிருக்க, 6 மி.மீ. கம்பியை வளைத்து முன் அச்சிலிருந்து மேலே வரும் தாங்கி ஒன்றைச் செய்து தூக்கின் அடியை அதில் கட்டலாம்.

சுமை ஏற்றும் சைக்கிளுக்கு ஒற்றைக் கால் ஸ்டாண்டு கூடவே கூடாது. பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் இரட்டைக் கால் ஸ்டாண்டு, பொருள் ஏற்றும் நேரத்திலும் விற்கும் நேரத்திலும் சைக்கிளை மேசைபோல் நிலையாக வைக்கும். இதில் சிக்கனம் பார்ப்பவர்கள் ஒரு நாள் சாம்பாரைத் தெருவில் கொட்டுவார்கள்.

எண்ணெய் டின் பெட்டி

15 கிலோ எண்ணெய் டின் சுமார் 9 அங்குலச் சதுரமும் 14 அங்குல உயரமும் உள்ளது. கேரியரின் பக்கத்தில் தொங்கவிட இதைவிடப் பொருத்தமான, விலை குறைந்த பெட்டி கிடையாது. வெந்நீரில் வாஷிங் சோடா கரைத்து இரண்டு முறை கழுவி எண்ணெய்ப் பிசுக்கை முழுதும் நீக்கிய பிறகே வேலை தொடங்க வேண்டும், பிசுக்கின் மேல் பெயின்ட் நிற்காது.

டின்னைப் படுக்கவைத்து, மேல்நோக்கும் பக்கத்தின் மூன்று ஓரங்களை வெட்டினால் அதுவே கீலுள்ள மூடியாகிவிடும். ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டினால் பெட்டியின் வாயில் ஒரு விளிம்பு மிஞ்சும். அந்த விளிம்பை உள்பக்கம் மடித்துத் தட்டிவிட்டால் கை அறுபடாது, பெட்டியும் விறைப்படையும். மூடி வாயைவிடச் சிறிதாகிவிடும் என்பதால் அதன் மூன்று பக்கமும் டியூப் பட்டையை ரிவெட் அடித்து நீட்ட வேண்டும். வெட்டிய தகடு கத்திபோல் கூர்மையானது, தோல் கையுறை இல்லாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது.

தகடு மெல்லியது என்பதால் கொக்கியை நேரே அதில் மாட்டினால் குழியில் ஏறி இறங்கும்போது கிழிந்துவிடும். உள்பக்கம் ஒரு பிளைவுட் துண்டு வைத்து, தகட்டையும் அதையும் சேர்த்து ஊடுருவும் போல்ட்களால் கொக்கியைப் பிடிக்க வேண்டும். 20 மி.மீ. அகல இரும்புப் பட்டையை வளைத்தால் கேரியர் கம்பியில் தொங்கும் கொக்கி கிடைக்கும். கீழ்ப்பகுதி சக்கரத்துக்குள் சாயாதபடி கேரியரின் காலோடு ஒரு தோல் வாரால் கட்டிவிட வேண்டும்.

பெட்டியை எங்கே தொங்கவிடுவது என்பதை சைக்கிளில் உட்கார்ந்து பெடலைப் பின்னோக்கிச் சுற்றியே முடிவு செய்ய வேண்டும். குதிகால் பெட்டியில் இடித்தால் பெட்டி பின்னால் நகர வேண்டும். அளவு பார்க்காமல் கொக்கியை முதலில் மாட்டிவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் வேலையை மறுபடி செய்ய நேர்கிறது. அடியில் இரண்டு சிறு துளைகள் மழைநீர் வடிய வேண்டும். கடைசியாக உள்ளும் புறமும் ரெட் ஆக்சைடு, அதன் மேல் எனாமல். ஒரு பக்கம் மட்டும் பெட்டி மாட்டினால் சைக்கிள் அந்தப் பக்கம் இழுக்கும். இரண்டு பெட்டிகளாகச் செய்து எடையைச் சரிபாதியாகப் பிரிப்பது நல்லது.

மழைக்கால வேலைகள்

மழையில் செயினுக்கும் பால்ரஸுக்கும் முக்கிய எதிரி முன் சக்கரம் வாரி இறைக்கும் சேறு. முன் மட்கார்டின் நுனியில் எச்.டி.பி.இ. அல்லது லாரி ஃபிளாப் ரப்பரால் ஒரு நாக்குப்போல் வெட்டி, தரையிலிருந்து 10 செ.மீ. உயரம் வரை தொங்கவிட்டால் சேற்றின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். முழுச் செயின் கவர் உள்ள சைக்கிளில் அதைக் கழற்றி எறியாமல் இருப்பதே போதுமான பாதுகாப்பு. கழிவு என்ஜின் ஆயிலைச் செயினில் ஊற்றும் வழக்கம் பரவலானது, ஆனால் அதிலுள்ள இரும்புத் துகள் செயினை உராய்த்துத் தின்னும். புதிய கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிட வேண்டும். கிராங்கின் காட்டர் பின்னை மழைக்கு முன்பே கழற்றி கிரீஸ் தடவாவிட்டால், துரு ஏறியபின் சுத்தியலுக்கும் அசையாது.

தோல் உறைகள்

ஹேண்டில் பிடியின் விட்டம் 22 மி.மீ. 1.5 மி.மீ. தடிமனுள்ள தோலைச் சுற்றித் தைக்க, 13 செ.மீ. நீளமும் ஏறக்குறைய 72 மி.மீ. அகலமும் உள்ள துண்டு வேண்டும். தோல் இழுபடும் அளவு துண்டுக்குத் துண்டு மாறும், எனவே முதலில் காகிதத்தில் வெட்டிச் சுற்றிப் பார்த்து, விளிம்புகளுக்கு நடுவே 2 மி.மீ. இடைவெளி இருக்கும்படி திருத்திக்கொள்வது பாதுகாப்பு. விளிம்பிலிருந்து 4 மி.மீ. தள்ளி, 6 மி.மீ.க்கு ஒன்றாகக் குத்தூசியால் துளையிட்டு, மெழுகு பூசிய நைலான் நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தால் விளிம்புகள் நெருங்கி வந்து சேரும். தையல் அடிப்பக்கம் வர வேண்டும், உள்ளங்கையில் உறுத்தாது.

மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், நனைத்துச் சுற்றினால் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். குரோம் பதனிட்டது அவ்வாறு பிடிக்காது, ஆனால் மழையை ஓரளவு சகிக்கும். கத்ரன் குவியலில் இரண்டும் கலந்திருக்கும். வெட்டு விளிம்பு முழுதும் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் முதல் வகை, நீலமோ சாம்பலோ ஓடினால் இரண்டாவது. தேன்மெழுகைத் தேங்காயெண்ணெயில் உருக்கிச் சூடாகத் தேய்த்தால் இரண்டுக்கும் தண்ணீர் குறைவாக ஏறும். நனைந்த தோலை வெயிலில் போட்டால் விறைத்து வெடிக்கும், நிழலில் செய்தித்தாள் சுற்றி உலர்த்த வேண்டும்.

விளக்கு

பழைய டைனமோ 6 வோல்ட், 3 வாட். அதன் குண்டு பல்புக்குப் பதிலாக 3 வாட் வெள்ளை எல்.இ.டி. ஒன்றைப் பொருத்தினால் அதே பெடல் உழைப்பில் பல மடங்கு வெளிச்சம் கிடைக்கும். டைனமோ தருவது மாறுமின்னோட்டம், எனவே நடுவில் நான்கு டையோடுகள் கொண்ட பிரிட்ஜ் வேண்டும். மின்னழுத்த இழப்பு குறைவான ஷாட்கி வகை டையோடு மேலானது. சிமிட்டலைக் குறைக்க 35 வோல்ட் தாங்கும் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை பிரிட்ஜுக்குப் பின் சேர்க்கலாம். எல்.இ.டி. கம்பி விடுபட்டால் டைனமோவின் அழுத்தம் எகிறும் என்பதால்தான் கெபாசிட்டருக்கு இவ்வளவு தாங்குதிறன் தேவை. எல்.இ.டி.யை அலுமினியத் துண்டில் திருகி வைக்காவிட்டால் சூட்டில் கருகும்.

பலர் தவறுவது கம்பி இணைப்பில். டைனமோவின் ஒரு முனை ஃபிரேமோடு இணைந்தே வரும். பிரிட்ஜ் போட்ட பிறகு எல்.இ.டி.யின் எந்த முனையும் ஃபிரேமைத் தொடக் கூடாது, தொட்டால் ஒரு டையோடு குறுக்கிணைப்பாகிப் பாதி மின்சாரம் வீணாகும். விளக்குக் கூட்டுக்குத் தனியாக இரண்டு கம்பிகள் இழுக்க வேண்டும்.

சைக்கிள் நின்றால் டைனமோ விளக்கும் அணையும். அதனால் பின்புறச் சிவப்பு ரிஃப்ளெக்டர், ஸ்போக்ஸில் மஞ்சள் ரிஃப்ளெக்டர், பெட்டியின் மூலைகளில் ஒளிரும் டேப் மூன்றும் அவசியம். சைக்கிள் ரிஃப்ளெக்டர்களின் தரம் குறித்து மத்திய அரசு 2020இல் ஆணையே பிறப்பித்திருக்கிறது. கையால் செய்யும் பெட்டியோ பலகையோ தொழிற்சாலை பொருத்திய ரிஃப்ளெக்டரை மறைத்தால் அதை வெளிப்பக்கம் மாற்றிப் பொருத்துவது செய்தவரின் பொறுப்பு.

பெடலால் இயங்கும் சாணை

ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிள் ஒரு சிறு இயந்திரம். சாணைக்காரர்கள் இதைத் தலைமுறைகளாக அறிவார்கள். கேரளத்தின் ரெம்யா ஜோஸ் பள்ளி மாணவியாக இருந்தபோதே பெடலால் சுழலும் துணிதுவைக்கும் இயந்திரம் செய்தார். குவாத்தமாலாவில் மாயா பெடல் அமைப்பு பழைய சைக்கிள்களைக் கொண்டு தண்ணீர் இறைக்கவும் சோளம் அரைக்கவும் செய்கிறது.

சாணைக்கான கணக்கு எளிது. முன் பல்சக்கரத்தில் 48 பல், ஃப்ரீவீலில் 18 பல் என்றால் நிமிடத்துக்கு 60 முறை பெடல் சுற்றும்போது பின் சக்கரம் 160 முறை சுற்றும். பின் டயரைக் கழற்றிவிட்டு ரிம்மின் பள்ளத்தில் வார் ஓட்டி, மறுமுனையில் 50 மி.மீ. விட்டமுள்ள கப்பி வைத்தால் சாணைக்கல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 முறை சுழலும். தையல் மெஷினின் உருண்டைத் தோல் வார் இரண்டை கிளிப்பால் சேர்த்தால் தேவையான நீளம் வரும். கல்லின் மேல் அச்சிட்ட வேக வரம்பு இதைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்காமல் சுழற்றக் கூடாது. தட்டிப் பார்த்தால் கணீரென்று ஒலிக்காத கல்லில் விரிசல் இருக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கல்லைச் சுற்றி இரும்புக் கவசமும் கட்டாயம். சாதாரண மனிதர் ஒருவர் களைப்பின்றித் தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல் சுமார் 75 வாட்தான், கத்திக்கும் அரிவாள்மனைக்கும் அது தாராளம், மாவரைக்கும் பெரிய கல்லுக்குப் போதாது.

சாலைக்கு முன்

எந்தச் சேர்க்கையையும் முதலில் அதே எடையுள்ள மணல் மூட்டையோடு சோதிக்க வேண்டும். மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றிய தெருக்கள் காலை நேரத்தில் இதற்கு ஏற்றவை. மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு திடீர் பிரேக். சுமையோடு சைக்கிள் நிற்க எடுக்கும் தூரம் கூடும் என்பதால் பிரேக் கட்டைகள் புதியவையாக இருக்க வேண்டும். சோதனை ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி இறுக்க வேண்டும். புதிய மரமும் பெயின்ட்டும் அழுந்துவதால் முதல் வாரத்தில் எல்லாமே சற்றுத் தளரும், அதன் பிறகு மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். பின் சக்கரத்தில் கோட்டம் தெரிந்தாலோ ஒரு ஸ்போக்ஸ் அறுந்திருந்தாலோ அதைச் சரிசெய்யும் வரை சைக்கிளில் சுமை ஏற்றக் கூடாது.